மேஸ்திரியின் காது

கணவர் போன மறுவாரமே அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். இருக்கலாம் என்றுதான் அவளுக்கும் பட்டது. கால் புண்ணில் புகுந்த கிருமி, எந்த ஊசிக்கும் மசியாமல், ரத்தத்தில் ஏறி அவரைக் கொண்டுபோயிருந்தது. அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

கால்நடை ஆஸ்பத்திரியில் கூண்டு கழுவுவதும் நாய்களுக்கு மருந்து போடுவதும் அவள் வேலை. கைகள் தம்பாட்டுக்கு அதைச் செய்தன.

அங்கே ஒரு கிழட்டு நாய் வந்து சேர்ந்தது. கூண்டுக்குள்ளிருந்தே எல்லோரையும் அதட்டியதால் மேஸ்திரி என்று பெயர் விழுந்துவிட்டது. இரண்டு காதிலும் சீழ். கொடுத்த மருந்தெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

“இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடக்கூட இவனுக்கு வழியில்லக்கா, ரெண்டும் அடைச்சுக் கெடக்கு” என்றார் டாக்டரம்மா. சின்ன வயசுக்காரர். கிராம்பெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளைச் சொட்டு மருந்தாக்கிச் சோதனைக்கு வைத்திருந்தார். “கிருமியெல்லாம் ஒட்டிக்கிட்டு, சவ்வு மாதிரி போத்திக்கிட்டு உக்காந்திருக்கு. இது அந்தப் போர்வையக் கிழிச்சா, பழைய மருந்து உள்ள போகும். போகுதான்னு பாப்போம்.”

“சரிங்க டாக்டரம்மா.”

காலையும் மாலையும் விட்டாள். மேஸ்திரி ஒருமுறை கடித்தேவிட்டது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்சச் சொட்டையும் விட்டு முடித்தாள். மெல்ல நாற்றம் அடங்கியது. பிறகு சீழ் வற்றியது. ஒருநாள் அது தானாகவே தலையை அவள் உள்ளங்கையில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை மரத்துப்போகும்வரை அப்படியே நின்றாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு வந்ததும் இந்தக் கிருமிதானா?”

டாக்டரம்மா சொட்டு மருந்துப் புட்டியை மூடினார். “கிட்டத்தட்ட. ஆனா இது காதுக்குள்ள விடுற மருந்துதான்க்கா. ரத்தத்துல ஏறினதுக்கு ஆகாது. நாய்ங்கள்லயே பாதிக்குக் கேக்கல.”

“சும்மாதான் கேட்டேன்.”

மேஸ்திரியை அதன் வீட்டார் வந்து கூட்டிப்போனார்கள். அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மகள் விசும்பினாள். “உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா?”

“தெரியலடி.”

மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தபடியே, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்தாள்.