ஒரு ‘டிக்’ சத்தத்தோடு கெங்கவல்லி வரை 82 கிலோமீட்டர்

பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை, கொண்டலாம்பட்டியில் இருக்கும் என் வீட்டிலிருந்து கெங்கவல்லியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் பேட்டரி சைக்கிளில் போனேன். பஸ்ஸில் போனால் ஆத்தூரில் மாறி இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆத்தூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, தம்மம்பட்டி என்று சுற்றுவழியில் போனேன். என் மீட்டர் காட்டியது 82 கிலோமீட்டர். எட்டு மணி நேரத்தில் போய்ச் சேருவது திட்டம். பன்னிரண்டு மணி நேரம் ஆனது. ஏன் ஆனது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

என்னைப் பற்றிக் கொஞ்சம். வயது 47. ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்து இடது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனது. சைக்கிள் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும், என் கணவர் செல்வம் இந்த வண்டியை வாங்கித் தந்தார். மலைப்பாதையில் ஓட்டுகிற ரகம். தடித்த டயர், முன்பக்கம் ஷாக், பின் சக்கரத்தில் மோட்டார். மிதித்தால் மோட்டாரும் சேர்ந்து தள்ளும். மிதிக்காமல் கைப்பிடியைத் திருகியும் போகலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சத்தம் ஆரம்பித்துவிட்டது. பேனா மூடியை அழுத்தின மாதிரி ஒரு ‘டிக்’. வண்டி வாங்கின கடையில் இரண்டு தடவை காட்டினேன். இரண்டு தடவையும் மெக்கானிக் கைப்பிடியைத் திருகி ஒரு சுற்று போய்வந்து, ஒன்றும் இல்லை என்றார். “நீங்க ரொம்ப உன்னிப்பா கேக்கறீங்க மேடம்” என்றும் சொன்னார். செல்வமும் தெருவில் நாலு சுற்று மிதித்துப் பார்த்தார். அவருக்கும் கேட்கவில்லை. “காத்து சத்தமா இருக்கும் மாலா” என்றார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டேன்.

நானாகவே சோதித்தவற்றைப் போனில் எழுதி வைத்துக்கொண்டேன். மிதிக்காமல் உருட்டினால் சத்தம் இல்லை. மோட்டாரை அணைத்துவிட்டு மிதித்தால் இருக்கிறது. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாலும் இருக்கிறது, ஆகவே சீட் இல்லை. புது மிதிக்கட்டை மாற்றினேன், 340 ரூபாய். அப்போதும் போகவில்லை. வலது கால் கீழே இறங்கும்போது மட்டும் வருகிறது. இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

காலை 5.30க்குக் கிளம்பினேன். மல்லூர் வரை இருட்டும் லாரி வெளிச்சமும்தான். ஓரத்துக் கோட்டுக்கு வெளியே இடம் இருக்கிறது, பயமில்லை. ஆண்டகளூர் கேட்டில் இடது பக்கம் திரும்பியதும் சாலை அமைதியாகிவிடும். ராசிபுரத்தில் 7.15க்கு இரண்டு இட்லி, ஒரு காபி, 45 ரூபாய். அதற்கப்புறம் இருபக்கமும் குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காடு. காற்று கூட இல்லாத அந்த இடத்தில் சத்தம் நன்றாகவே கேட்டது. முன்பு பத்து மிதிக்கு ஒன்றாக இருந்தது, இப்போது ஒவ்வொரு மிதிக்கும் வந்தது. திரும்பிவிடலாமா என்று ஒரு புளியமரத்தடியில் நின்று யோசித்தேன். திரும்பினால், பிரமைக்குப் பயந்து திரும்பினவள் ஆகிவிடுவேன். மேலே போனேன்.

நாமகிரிப்பேட்டை 34வது கிலோமீட்டர். மணி 8.15. மஞ்சள் அறுவடைக் காலம், ஊரே வேகவைத்த மஞ்சள் வாசம். பேட்டரியில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சார்ஜ் போடுவதற்காகவே இந்த ஊரில் நிற்பதாகத் திட்டமிட்டிருந்தேன். அடுத்து ஏற்றமாக வரும் மெட்டாலாவுக்குப் போகிற சாலையில் ஒரு பட்டறை திறந்திருந்தது. வாசலில் மஞ்சள் பாலிஷ் போடுகிற பெரிய டிரம் ஒன்று. உள்ளே நாற்பது வயதுப் பெண் ஒருவர் தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தார். பெயர் கோகிலா என்று பிறகு தெரிந்தது.

சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா, மூன்று மணி நேரம் ஆகும் என்று கேட்டேன்.

“போட்டுக்கங்க்கா. இந்த வண்டி எவ்வளவு கரண்டு இழுத்துரப் போகுது” என்றார்.

உட்கார ஸ்டூலும் கொடுத்தார். சைக்கிள் பார்க்கிறவர் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா, ஒரு சத்தம் வருகிறது என்றேன்.

“எங்க ஊட்டுக்காரர் எல்லாம் பாப்பாருங்க. ஆனா சத்தம்னா…” என்று சிரித்தார். “அவருக்குக் காது கேக்காதுங்க்கா. போர் போடற ரிக்குல பதினாலு வருசம் இருந்தாரு. கம்ப்ரசர் பக்கத்துலயே வேலை. நீங்க எங்கிட்டச் சொல்லுங்க. எம் மொகத்தப் பாத்துப் புரிஞ்சுக்குவாரு.”

பின்கட்டிலிருந்து அவர் கணவர் முருகேசன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு மனசு விட்டுப்போனது. காது நன்றாகக் கேட்கிறவர்களே இல்லை என்று சொன்ன சத்தம். இவரிடம் என்ன சொல்ல? ஆனால் கோகிலா அதற்குள் அவர் பக்கம் திரும்பி வாயை நன்றாக அசைத்துச் சொல்லிவிட்டார்.

அவர் என்னைப் பார்த்து, கொஞ்சம் உரத்த குரலில், “எப்பப்ப வருதுங்க?” என்று கேட்டார்.

ஒரு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. போனில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்தேன். கோகிலா ஒவ்வொன்றாக அவருக்குச் சொன்னார். அவர் கோகிலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், “சரி, அந்தக்கா வருதுங்குது, அப்ப வருது. ஏறி உக்காரச் சொல்லு” என்றார்.

மோட்டாரை அணைத்து, வண்டியைச் சுவரோரம் சாய்த்துப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். வண்டி நகராது. அப்படியே வலது மிதியை மட்டும் பலமாக அழுத்தி அழுத்தி விட வேண்டும். நான் அழுத்த அழுத்த அவர் கீழே குந்தி, விரல் நுனிகளை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்தார். சட்டம். பேட்டரிப் பெட்டி. நடு அச்சு. பல்சக்கரம். ஒவ்வோர் இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியில் மிதிக்கட்டையை அச்சோடு சேர்க்கும் அலுமினியக் கையில், கிராங்க் என்பார்களே, அதன் நுனியில் விரலை வைத்தார். நான் ஒரு தடவை அழுத்தினேன். கண்ணைத் திறந்துவிட்டார்.

“இங்க அடிக்குது.”

டீசல் தொட்ட துணியால் அந்த இடத்தை நனைத்து, இரண்டு நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தார். சாமி படத்தின் கீழிருந்த கிண்ணத்தில் திருநீறு எடுத்து அதன் மேல் பூசினார். மறுபடி அழுத்தச் சொன்னார். வெள்ளைப் பூச்சின் மேல் தலைமுடி போல ஒரு கறுப்புக் கோடு மெல்ல ஊறி வந்தது. விரிசலுக்குள் போயிருந்த டீசல் வெளியே கசிகிறது. கோடு கிராங்கின் பாதி அகலத்துக்குமேல் ஓடியிருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டி கெட்டதற்காக இல்லை. அந்தச் சத்தம் உண்மையிலேயே இருக்கிறது என்பதற்காக.

அவர் அடுத்துச் செய்ததுதான் நான் எதிர்பாராதது. இரண்டு மிதிக்கட்டைகளையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஒரே நாளில் மாட்டினவை. வலது மிதிக்கட்டையில் கால் வழுக்காமல் பிடிக்கிற முள் மழுங்கிப் பளபளவென்று இருந்தது. இடது, பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

“உங்களுக்கு இடது கால்ல என்னங்க?” என்று கேட்டார்.

இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முழங்கால் இன்னும் வலிக்கிறது. சொன்னால் சைக்கிளை நிறுத்தச் சொல்வார்கள் என்று பயம். மாதக்கணக்காக இடது காலைச் சும்மா வைத்து, வலது காலாலேயே மிதித்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஓட்டும்போது சத்தம் வராததற்கும் அதுதான் காரணம். அவர்கள் யாரும் என்னைப் போல ஒரே பக்கம் இடித்து மிதிக்கவில்லை.

“ஆபரேஷன் பண்ணினது. வலி இருக்குங்க” என்றேன். கோகிலா அதை அவருக்குச் சொல்லாமல் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் திரும்பிச் சொன்னார்.

வெல்டிங் வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். முடியாது என்று கையை ஆட்டினார். “அலுமினியம் வெச்சாலும் நிக்காதுங்க. மெட்டாலா ஏத்தத்துல அழுத்துவீங்க, ஒடஞ்சிரும், பின்னாடி லாரி வரும்.” கோகிலா ராசிபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் போன் போட்டார். நான் அளவும் போட்டோவும் அனுப்பினேன். கடைக்காரர் பத்து மணிக்குக் கடையைத் திறந்து, சாதா கியர் சைக்கிள் கிராங்க் பொருந்தும் என்று சொல்லி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். 12.15க்கு வந்து சேர்ந்தது. பல்சக்கரத்தோடு 780 ரூபாய். பழையதைக் கழற்றி, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டி முருகேசன் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். ஒரே தட்டு. நுனி துண்டாகி என் செருப்புப் பக்கத்தில் வந்து விழுந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் கோகிலா ஒன்று சொன்னார்.

“இவரும் மூணு வருசம் மறச்சாருங்க்கா. லீவுல ஊட்டுக்கு வந்தா டிவி சவுண்டக் கூட்டி வெப்பாரு. கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. கோவமா இருக்காருன்னே நெனச்சுக்கிட்டேன். சொன்னா ரிக்குல வேண்டாம்னு அனுப்பிருவாங்கன்னு பயந்திருக்காரு. அப்பவே வந்திருந்தா கொஞ்சமாச்சும் காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டரு.”

“உங்களுக்குக் கோபம் வரலையா?”

“வந்துதுங்க. ஆனா அவரு மேல எவ்வளவு நேரம் கோவப்படறது? கத்தினாலும் கேக்காதே.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், காயிலிலிருந்து கையை எடுக்காமலேயே.

சாலையோரம் போய் நின்று செல்வத்துக்குப் போன் செய்தேன். விரிசலைப் பற்றிச் சொன்னேன். பிறகு முழங்காலைப் பற்றிச் சொன்னேன்.

“எத்தனை நாளா?”

“ஆறேழு மாசமா.”

“நான் காத்து சத்தம்னு சொன்னேனே மாலா” என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. “கார் எடுத்துட்டு வரட்டுமா?”

“இன்னிக்கு வேண்டாங்க, போயிடுவேன். திரும்பி வர்றதுக்கு நாளைக்கு வாங்க.”

1.30க்குக் கிளம்பினேன். முருகேசன் கூலி 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். சார்ஜுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்கள். மெட்டாலா ஏற்றத்தில் மோட்டாரை முழு வேகத்தில் வைத்து, காலுக்கு வேலை கொடுக்காமல் ஏறினேன். மேலே ஆஞ்சநேயர் கோயில் பக்கம் பத்து நிமிடம் ஓய்வு. மங்களபுரம் தாண்டி சாலை நன்றாக இருக்கிறது. தம்மம்பட்டி 4.15. கெங்கவல்லி 5.40. வாசலில் தங்கை வசந்தா நின்றிருந்தாள். “மாமா போன் பண்ணினாரு. எங்கிட்டகூட சொல்லல இல்ல நீ?” என்று திட்டிக்கொண்டே வெந்நீர் வைக்கப் போனாள்.

ஏழு மணிக்குக் கோகிலா கூப்பிட்டார். “சேந்துட்டீங்களாக்கா? சத்தம் வருதான்னு கேக்கறாரு.” வரவில்லை, ஒரு தடவை கூட வரவில்லை என்றேன். அவர் அங்கே கணவரிடம் சொல்வது கேட்டது. பின்னால் முருகேசனின் உரத்த குரல்: “காலுக்கு டாக்டரப் பாக்கச் சொல்லு.” செவ்வாய்க்கிழமை பார்த்தேன். தொடைத்தசை பலவீனம், ஆறு வாரம் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மல்லூரை வெயிலுக்கு முன் தாண்டிவிடுங்கள். நாமகிரிப்பேட்டையில் சார்ஜ் போடாமல் மேலே போக வேண்டாம். நடுவில் மெட்டாலா ஏற்றம் பேட்டரியைக் குடித்துவிடும். சாப்பாட்டுக்குத் தம்மம்பட்டிதான் வசதி. தனியாகப் போகும் பெண்களுக்கு: வழியெல்லாம் “எங்கீங்க போறீங்க?” என்று கேட்பார்கள், அதைத் தவிர எனக்குத் தொந்தரவு எதுவும் இல்லை. வண்டியில் விடாமல் ஒரு சத்தம் வந்தால், மிதிக்கும்போது மட்டுமா, எந்தக் காலில் என்று குறித்து வையுங்கள். கடைக்காரரை ஓட்டிப் பார்க்கச் சொல்லாமல், நீங்கள் ஓட்டும்போது கூடவே வரச் சொல்லுங்கள்.

உடம்பில் ஏதாவது வலி இருந்தால் கிளம்புவதற்கு முன்பே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் 34வது கிலோமீட்டரில்தான் சொன்னேன். நல்லவேளை, ஏற்றம் அதற்குப் பிறகு வந்தது.