கேப்டன் என்று சொல்லிக்கொண்டு ஹேடோவுக்கு ஆள் எடுக்கப் போனேன்

அந்தமானுக்குக் கப்பலில் போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். போகலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம் நான் போனதைச் சொல்கிறேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் வீடே போர்ட் பிளேரில்தான். மெட்ராஸில் எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் புது ஆட்டக்காரர் தேடி வந்த பி.டி. சாருக்கு வழிகாட்டியாகப் போனேன். மெட்ராஸில் தேறுகிற பையன்களையெல்லாம் பெரிய கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். “எவனும் தேடாத இடத்துல தேடுவோம். அடுத்த வருஷம் எல்லாரும் வாயப் பொளக்கணும்டா” என்றார் சார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு இடம் பாக்கி. கிடைத்தால் ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம்.

கப்பல் நாலு நாள். ஜூன் மாதக் கடல் லேசுப்பட்டதல்ல. கீழ்த்தட்டில் டீசல் நாற்றம், வாந்தி நாற்றம், யாரோ கொண்டுவந்த கருவாட்டு நாற்றம். சார் பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டார். போர்ட் பிளேரில் கப்பல் நிற்கும் ஹேடோ துறையில் இறங்கியதும் யார் முகத்தையும் பார்க்காமல் ஜீப் பிடித்து அரசு விடுதிக்குப் போய்ப் படுத்துவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஏனென்றால் நான் அணியில் பெஞ்ச். ஆடுகிறவர்களுக்குத் துண்டும் தண்ணீரும் எடுத்துக் கொடுப்பவன். போன லீவில் வீட்டில் வாய்க்கு வந்தபடி அளந்திருந்தேன், என்னைக் கேப்டன் ஆக்கிவிட்டார்கள் என்று. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கேட்ட அன்றைக்கே குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். இப்போது கேப்டனே ஆள் எடுக்க வந்திருக்கிறான் என்றால் கேட்க வேண்டுமா? வழியில் பெங்காலி டீக்கடைக்காரர்கூட “ஆயியே கேப்டன் சாப்” என்று எழுந்து நின்றார். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு நடந்தேன்.

மறுநாள் மாலை, துறைமுகக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுத் தளத்தில் தேர்வு. ஹேடோப் பையன்கள் வழக்கமாக ஆடுகிற இடம் அது. இரண்டு பக்கமும் கம்பம் நட்டு இரும்பு வளையம் மாட்டியிருப்பார்கள். நான் நம்பி வந்தது ஜெபாவை. பள்ளியில் என்னோடு படித்தவன், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து குடியேறிய மீன்பிடிக் குடும்பம். நல்ல உயரம், பந்து அவன் கையில் ஒட்டிக்கொள்ளும். படிக்க ஆசை இருந்தும் அப்பாவோடு படகுக்குப் போய்க்கொண்டிருந்தான். இந்த ஒரு இடம்தான் அவனுக்கு வழி.

சார் விசிலும் கையுமாக வந்தார். என்னை எதிரணியில் போட்டு, “நீ பந்தை எடுத்துட்டுப் போ, இவன் தடுக்கட்டும்” என்றார். போனேன். ஜெபா விலகி வழி விட்டான். மறுபடியும் போனேன். கையை மட்டும் உயர்த்திவிட்டுச் சும்மா நின்றான். மூன்றாவது தடவை பந்து என் கையிலிருந்து நழுவியது. அதைப் பிடித்து என்னிடமே கொடுத்தான். சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. தூரத்தில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

சார் என் பக்கம் வந்து, “உன்னையே தடுக்கத் தெரியல. இவன வச்சு நான் என்ன பண்றது?” என்று விசிலைப் பையில் போட்டார்.

ஜெபாவை ஓரமாக இழுத்தேன். “ஏண்டா விடுற?”

“நீ கேப்டன்டா. உங்கப்பா, ஊர் சனம் பூரா பாக்குது. இங்க வச்சு உன்ன மறிச்சா அசிங்கமா இருக்காதா?”

அவன் மரியாதை கொடுக்கிறான். அந்த மரியாதையாலேயே அவன் படிப்பு போகப்போகிறது. வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதையும் மறைக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “நான் கேப்டன் இல்ல. பெஞ்சுல உக்கார்றவன். வீட்டுல பொய் சொன்னேன். ஜெபா, ஒழுங்கா ஆடுடா. சார், இன்னும் ஒரு பத்து நிமிஷம்.”

கூட்டத்தில் யாரோ “அரே பாப்ரே” என்றார். சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு விசிலை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒரு தடவைகூட என்னால் ஜெபாவைத் தாண்ட முடியவில்லை. ஒருமுறை பந்தைப் பறித்த வேகத்தில் என்னைக் குப்புறத் தள்ளிவிட்டுப் போய்க் கூடையில் போட்டான். சார் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்; இடம் அவனுக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார். எழுந்து முழங்காலைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அப்பா அங்கே இல்லை. வீட்டிலும் அவர் என்னிடம் பேசவில்லை. அம்மா சோறு மட்டும் போட்டாள். கிளம்பும்வரை வெளியே தலைகாட்ட எனக்குத் தெம்பில்லை.

கப்பலில் போகிறவர்கள் எலுமிச்சம்பழமும் ஊறுகாயும் மறக்காதீர்கள். மேல்தட்டில் காற்று வரும் இடமாகப் பார்த்து முதலிலேயே பாயை விரித்துவிடுங்கள். இறங்கிய கையோடு திரும்பும் டிக்கெட்டைச் சொல்லி வையுங்கள்; ஒரு கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அங்கே ஊர் சிறிது. வாயை விட்டால் சாயங்காலத்துக்குள் எல்லா வாசலுக்கும் போய்விடும்.

திரும்புகிற அன்று ஜெபாவை வழியனுப்ப அவன் சனம் மொத்தமும் துறையில் நின்றது. அப்பா வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், கையெல்லாம் கிரீஸ். படியேறப் போன என்னை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏண்டா, ஆடாம உக்காந்திருக்கவனுக்கும் அங்க சோறு போடுறாங்கள்ல?”

“போடுறாங்கப்பா.”

“வயிறாரப் போடுறாங்களா?”