ஃபிலிம் இருந்த கேமரா

சவுதியில் திடீரென இறந்துபோன என் கணவரின் பையை, அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த லப்பைக்குடிக்காட்டு பாய் ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து கொடுத்தார். உள்ளே இரண்டு கேமராக்கள் இருந்தன.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவரு தம்பிக்குன்னு சொல்லிட்டிருந்தாரும்மா. நீங்களே பாத்து எடுத்துக்குங்க."

ஒன்று பெட்டி பிரிக்காத புதுசு, ஜூம் வைத்தது. மற்றது அவர் பயன்படுத்திய பழையது, மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. ஆனால் அதற்குள் ஃபிலிம் இருந்தது. சுவரில் மாட்ட, கல்யாணப் படத்தைத் தவிர அவர் படம் எங்களிடம் இல்லை. பழையதை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கொழுந்தனார் சட்டென்று புதுசைக் கையில் எடுத்தார். எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

அரியலூர் ஸ்டுடியோவில் ஃபிலிமைக் கழுவி, படங்களை மேசையில் பரப்பினார்கள். மணல், லாரி, சோற்றுத் தட்டோடு பாய், சிரிக்கிற யார் யாரோ.

"இதுல உங்க வூட்டுக்காரர் யாரும்மா? பெருசு பண்ணித் தரேன்."

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றிலும் அவர் இல்லை.

"இதுல இல்லைங்க. படம் புடிச்சதே அவருதான்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அத்தனை பேரும் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள்.

எங்கள் வீட்டுச் சுவரில் இன்றும் சோற்றுத் தட்டோடு பாய் சிரிக்கிறார். வருகிறவர்கள் யாரென்று கேட்பார்கள்.

"அவரு எடுத்தது" என்பேன்.