பதினாறிலேயே பதினெட்டான மகள்

என் மகளின் வயதில் இரண்டு வருடத்தைக் கூட்டியவள் நான்தான்.

அவள் பத்தாவது முடித்த மழைக்காலம். இரும்பு உருக்கும் கம்பெனியில் வலது கையை முறித்துக்கொண்டு அவளுடைய அப்பா படுத்திருந்தார். கும்மிடிப்பூண்டியில் விடிந்தால் தெருமுக்கில் கம்பெனி பஸ்கள் வரும். பெண்களை ஆளெடுக்கும் கான்ட்ராக்டர் படிக்கட்டில் நின்று கார்டை மட்டும் பார்ப்பார். அதில் பதினெட்டு இருந்தால் போதும். முகம் எத்தனை சொல்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. எங்கள் தெருவில் நாலைந்து பெண்கள் இப்படித்தான் ஒரே நாளில் வளர்ந்தார்கள்.

கம்ப்யூட்டர் சென்டரில் ஆதாரின் பிறந்த தேதியை மாற்றிக் கொடுத்தவர், "நல்லா ரோசனை பண்ணிக்கோக்கா. ஒரு தபாதான் மாத்தலாம், அப்பறம் ஆவாது" என்றார். ஒரு தபா போதாதா என்று நினைத்தேன்.

எட்டு மாதம் போனாள். ஒயர்களை முறுக்கி முறுக்கி விரல் நுனிகள் தடித்துப்போயின. அப்போதுதான் எங்கள் மகளிர் கடன் குழுவில் ஒருத்தி விலகினாள். ஐந்து பேர் இல்லாமல் யாருக்கும் கடன் கிடையாது. வசூலுக்கு வருபவர் என் வாசலில் பைக்கை நிறுத்தி, "ஊட்ல இன்னொரு பொம்பள இருக்குதேக்கா, கார்டுல வயசு சரியாத்தானே கீது?" என்றார். ஷிப்டு முடிந்து வந்தவளைச் சீருடையோடு நிறுத்திப் போட்டோ எடுத்தார்.

"எதுக்கும்மா?"

"சும்மா, குழுவுல பேரு சேக்க. கையெழுத்துப் போடு."

போட்டாள். பள்ளிக்கூட நோட்டில் போடுவதுபோல, பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்து.

ஐந்து பேருக்கும் கடன் வந்தது; அவள் பங்கை நானே வாங்கிக் குடும்பத்துக்குச் செலவழித்தேன். அப்பாவின் கை கூடியதும் அவள் பதினொன்றாவது சேர்ந்தாள். குழுவில் இரண்டு குடும்பங்கள் ஆலை மூடியதால் ஊரைக் காலி செய்தன. தவணை நின்றது. வசூல்காரரும் வருவதை நிறுத்தினார். வராததை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டோம்.

அவள் பன்னிரண்டாவது முடித்ததும், நர்சிங் சீட்டுக்குக் கல்விக்கடன் கேட்டுப் பொன்னேரி வங்கிக்குப் போனோம். மேலாளர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அவள் பெயரில், கட்டாமல் விட்ட ஒரு கடன். திரும்பும் ரயிலில் ஜன்னலுக்கு வெளியே நாற்று நட்ட வயல்கள் தண்ணீரோடு ஓடின. அவள் வயலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"நான் எப்பம்மா கடன் வாங்கினேன்?"

சொன்னேன்.

கடன் அறிக்கையில் பிழை என்று அவள் பெயரில் ஆன்லைனில் எழுதிப்போட்டோம்: கடன் வாங்கிய நாளில் நான் மைனர். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அடையாள அட்டைப்படி அன்று உங்களுக்குப் பதினெட்டு நிறைந்துவிட்டது, பதிவு அப்படியே இருக்கும். நான் அடுக்கிய பொய் அரசாங்க முத்திரையோடு எனக்கே திரும்பி வந்தது.

பிறப்புச் சான்றிதழையும் பத்தாவது மார்க் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு திருவள்ளூரில் இருந்த அந்தக் கடன் கம்பெனியின் கிளைக்குப் போனோம். அங்கிருந்த பெண் அதிகாரி, ஆதாரையும் மார்க் ஷீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டுல எது பொய்யிக்கா?"

கார்டைத் தொட்டுக் காட்டினேன்.

"அப்ப யாரு மாத்துனது, எதுக்கு மாத்துனதுன்னு எழுதிக் குடுங்க. அது இல்லாம மேல அனுப்ப முடியாது."

மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "எழுதாதம்மா. கேசு கீசுன்னு இழுத்தா இன்னா பண்ணுவ? சீட்டு போனா போவுது."

எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. மழையைப் பற்றி, உப்புக் காற்றைப் பற்றி, ஆலைப் புகைக்குள் அமிழும் சாயங்காலங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அன்று மூன்று வரிக்குப் பேனா நகரவில்லை. மின்விசிறி தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. மகள்தான் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

'என் மகளுக்கு அப்போது பதினாறு வயது. வேலைக்கு அனுப்புவதற்காக வயதைக் கூட்டியது நான். கடனைப் பற்றி அவளுக்குத் தெரியாது.'

அதிகாரி படித்தாள், முத்திரை வைத்தாள். "அனுப்பறேன். ஆனா முப்பது நாளு ஆவும்க்கா. அந்தக் கடன அடிச்சிடுவாங்கன்னு நான் சொல்ல முடியாது."

கல்லூரியில் பணம் கட்ட ஒன்பது நாள்தான் இருந்தது. வங்கி மேலாளரிடம் கடிதத்தின் நகலைக் காட்டினேன். பதிவு நீங்கட்டும், பிறகு வாருங்கள் என்றார். ஒன்பதாம் நாள் கடந்தது. சீட்டு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று.

மறுவாரம் அவளே எழுந்து தலைவாரி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். "அடுத்த வருசத்துக்குள்ள கடன அடிச்சிட்டாங்கன்னா பாக்கலாம். அதுவரிக்கும் ஊட்ல குந்திக்கினு இன்னா பண்றது?"

நானும் கூடப் போனேன். அதே முக்கு, அதே பஸ். படிக்கட்டில் வேறொரு கான்ட்ராக்டர். கார்டை வாங்கியவர் அபூர்வமாக அவள் முகத்தையும் பார்த்தார்.

"வயசு இன்னாம்மா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"எங்கம்மாவக் கேளுங்கண்ணா."