ராகு காலத்துக்கு முன் மூடிய எஞ்சின்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைத்தான் நான் கழற்றினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு வேறு யாரும் சொல்லி நீங்கள் அறிவதைவிட என் வாயாலேயே வரட்டும். அதில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. ஒரே மிதியில் ஸ்டார்ட் ஆகும். அளவாகப் புகைக்கும். வாங்கிய நாளிலிருந்து கழற்றிய நாள்வரை அதில் நான் ஓடிய மொத்தத் தூரம் கராஜுக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள எங்கள் வீட்டு டிரைவ்வேயில் நாலு தரம் போய்வந்தது மட்டுமே, அதுவும் முதல் கியரில். அப்படி இருந்தும் அதற்கு வேகம் போதாது என்று எனக்குப் பட்டது.

வண்டிக்கு மூன்று சில்லு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் பூசணிக்காய் மாதிரி உப்பியவை. காட்டிலும் மணலிலும் ஓடுவதற்கென்று செய்தது. ஆட்களைக் கவிழ்த்துக் கொட்டுகிறது என்பதால் இப்படியான வண்டிகளைச் செய்து விற்பதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஐம்பது தாண்டிய, சைக்கிளில்கூடக் கைவிட்டு ஓடத் தெரியாத ஒருவன் இதை ஏன் வாங்கினான் என்று கேட்பவர்களுக்கு, மலிவாகக் கிடைத்தது என்று சொல்லிவருகிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில், "திரீவீல் ஒண்டு வாங்கியிருக்கிறன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் மெதுவாக, "ஏனடா, வேலை போட்டுதோ? அங்கையும் ஓட்டோ ஓடி உழைக்கேலுமோ?" என்று கேட்டார்.

எங்கள் வீடு டொரொன்டோவில், மில்லிக்கன் பக்கம். ஒரு கார் மட்டும் நிற்கக்கூடிய கராஜ். வண்டி வந்த நாளிலிருந்து அதற்குள் கார் நின்றதில்லை. என் மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஐந்து மணிக்கு வெளிக்கிடுவார். இரண்டு பனிக்காலம், நான் போர்வைக்குள் கிடந்தபடி, அவர் டிரைவ்வேயில் நின்று கார்க் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். தேங்காய் துருவுவதுபோல இருக்கும். தேங்காய் துருவுகிறவர்களுக்கு விரல் மரத்துப்போவதில்லை என்பதுதான் வித்தியாசம். ஒவ்வொரு நாளும் குற்ற உணர்வோடு மறுபக்கம் திரும்பிப் படுப்பேன்.

போன ஒக்டோபரில் அவர் தீர்ப்பைச் சொன்னார்.

"இஞ்சருங்கோ, இந்த முறை முதல் ஸ்னோ விழேக்குள்ள என்ர கார் உள்ளுக்கு நிக்கவேணும். நிக்காட்டி உந்த இரும்பை ஏத்திக்கொண்டு போக ஆள் வரும்."

"இன்னும் கொஞ்ச வேலைதான் கிடக்கு."

"அதுதான் சொல்லுறன், கெதியாச் செய்யுங்கோ. அவன்ர நம்பர் என்ர ஃபோனில கிடக்கு."

என் மனைவி மிரட்டுகிற ஆள் இல்லை. அவர் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். நம்பர் உண்மையிலேயே கிடந்தது.

கொஞ்ச வேலை என்று நான் சொன்னது என்னவென்றால், எஞ்சின் நூற்றுச் சொச்சம் துண்டுகளாகக் கராஜ் மேசையில் கிடந்தது. எல்லாம் ஸ்ட்ரோக்கர் கிராங்க் என்ற ஒன்றால் வந்த வினை. பிஸ்டன் மேலும் கீழும் போவதைச் சில்லு சுற்றுகிற சுற்றாக மாற்றுவது கிராங்க். அதைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை இன்னும் நாலு மில்லிமீட்டர் கூட ஓடவைக்கும் வேறொரு கிராங்கைப் போட்டால் இழுவை கூடும் என்று இணையத்தில் வாசித்தேன். நான் எதையும் வாசித்து அறிகிற ஜாதி. நீச்சலைப் பற்றிக்கூட இரண்டு நல்ல புத்தகம் வாசித்திருக்கிறேன். கைநூலை அச்சடித்து, அடிக்கோடிட்டு, ஓரத்தில் குறிப்பெழுதி வைத்திருந்தேன். எட்டாம் நம்பர் ஸ்பனர் மட்டும் இருக்கவில்லை.

ஸ்பனர் எல்லாம் என் நண்பனிடம் இருந்தது. கனடா வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறையில் ஐந்து பேர் படுத்த காலத்திலிருந்து கூட இருப்பவன். முப்பது வருடமாக லேத் மெஷினில் இரும்பு கடைகிறவன். நீண்ட கிராங்க் சுற்றும்போது முட்டாமல் எஞ்சின் கூட்டின் உள்பக்கத்தை அவன்தான் அரைத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது, மில்லிமீட்டர் கணக்கில் கடைந்த ஒரு அலுமினியத் தகட்டையும் கையில் வைத்தான்.

"மச்சான், வடிவாக் கேள். பிஸ்டன் இனி ரெண்டு மில்லி கீழ போகும், ரெண்டு மில்லி மேலயும் வரும். மேல வந்தால் சிலிண்டர் மூடியில முட்டும். அதால சிலிண்டருக்குக் கீழ இந்தத் தகட்டை வைச்சு உயர்த்து. மூடிப்போட்டு, பிளக் ஓட்டையால ஈயக்கம்பி விட்டுக் கையால ஒருக்காச் சுத்து. கம்பி எவ்வளவு நசியுது எண்டு அள. அளக்காமல் மிதிச்சியோ, என்னைக் கூப்பிடாதை."

"கைநூலில எல்லாம் கிடக்கு மச்சான்."

"அதுதான் பயமாக் கிடக்கு" என்றான்.

கிராங்க் கூட்டுக்குள் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. கிராங்கை ஃபிரீசரில் வைத்துச் சுருங்கப் பண்ணவேண்டும். கூட்டை ஒவனில் சூடாக்கி விரியப் பண்ணவேண்டும். பிறகு அடி இடி இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் இருக்கும். நான் கிராங்கைப் பலசரக்குக் கடைப் பையில் சுற்றி, விளைமீனுக்கும் ஆட்டிறைச்சிக்கும் நடுவில் வைத்தேன். சனிக்கிழமை குசினியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, எந்தக் கடையில வாங்கின ஆடு இது? எலும்பு மட்டும்தானோ தந்தவன்?"

ஓடிப் போனபோது, பை அவிழாத கிராங்க் சிங்கில் தண்ணீருக்குக் கீழே இளகக் காத்திருந்தது. நல்லவேளை, தண்ணீர் உள்ளே போகவில்லை. திரும்ப ஃபிரீசரில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவனிலிருந்து பழைய எண்ணெய் மணம் வீடெல்லாம் பரவியது. மனைவி மூக்கைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "இனி இதில கேக் அடிச்சால், சனம் உள்ளுக்கை நட்டு ஏதும் கிடக்கோ எண்டு பாத்துத்தான் சாப்பிடும்" என்றார். ஆனால் கிராங்க் சொன்னபடி வழுக்கிப் போய் இருந்தது. அந்த ஒரு நிமிடம் நான் ஒரு பொறியியலாளன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சிலிண்டரையும் மூடியையும் பூட்டவேண்டும். இங்கே ஒரு விடயம் சொல்லவேண்டும். நான் ராகு காலம் பார்க்காதவன். பார்க்கிறவர்களை நக்கலடிப்பவன். ராகு காலம் என்று விமானச் சீட்டை மாற்றிய ஒரு உறவினரைப் பற்றி நான் சொல்லும் கதைக்கு எந்தக் கொண்டாட்டத்திலும் சிரிப்பு உறுதி. ஆனால் கடவுள் இல்லை என்பது வேறு, ராகு காலம் இல்லை என்பது வேறு. இரண்டு வருடமாகக் கழற்றிப்போட்ட எஞ்சினை மூடப் போகிறவனுக்கு இரண்டாவதைச் சொல்லத் துணிவு வராது. பலசரக்குக் கடையில் தந்த கலண்டரை, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்துப் புரட்டினேன். டொரொன்டோ சூரியனுக்கே கணித்த கலண்டர். ஞாயிறு மூன்றே முக்காலுக்கு ராகு காலம் தொடக்கம்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகத் தொடங்கினேன். கை முழுக்க எண்ணெய் என்பதால் ஃபோன் வீட்டுக்குள் இருந்தது. பிஸ்டன் வளையங்களைச் சிலிண்டருக்குள் நுழைப்பதற்கே வியர்த்துப் போனது. நிமிர்ந்து கராஜ் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். மூன்று இருபத்தைந்து.

அதற்குப் பிறகு நான் செய்தவை எனக்கே அவ்வளவாக நினைவில்லை. சிலிண்டர் இறங்கியது. மூடி ஏறியது. நட்டுகள் இறுகின. ஈயக்கம்பி, அளவு எல்லாம் ராகு காலம் கழிந்து பார்க்கலாம், மூடுவதுதான் நல்ல நேரத்தில் நடக்கவேண்டும் என்று மனது சொன்னது. மூன்று நாற்பதுக்குக் கடைசி நட்டு. ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. மூடியதே மூடினோம், நல்ல நேரத்துக்குள் ஒரு மிதியும் மிதித்துவிட்டால் என்ன?

எஞ்சினை மேசையிலிருந்து தரையில் இறக்கி, கட்டை முட்டுக் கொடுத்து, கிக்கரில் ஏறி முழுப் பாரத்தையும் போட்டேன்.

டொக்.

கிக்கர் பாதியில் நின்றது. நான் நிற்கவில்லை. கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி, பெயின்ற் வாளிகளின் மேல் போய் இருந்தேன். சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், காலைப் பார்த்தார், அமத்திப் பார்த்தார். "எலும்பு உடையேல்லை, சுளுக்கு" என்றார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"இது என்ன தகடு?"

சிலிண்டருக்குக் கீழே இருந்திருக்கவேண்டிய, நண்பன் கடைந்து தந்த அலுமினியத் தகடு, துடைத்த துணிக்குப் பக்கத்தில், பளிச்சென்று கிடந்தது.

நான் சுவர் மணிக்கூட்டைக் காட்டி, ராகு காலம் வரப்போகுது, அந்த அவசரத்தில் என்று ஏதோ முனகினேன். நான் சொன்னதில் எதை முதலில் நம்பாமல் விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்களோ? ராகு காலமோ?" என்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "இரவு நேரம் மாத்தினதெல்லோ! உதை ஒருத்தரும் மாத்தேல்லை. இப்ப ரெண்டே முக்கால்."

நவம்பர் முதல் ஞாயிறு. குளிர்காலம் வருகிறதென்று நாடே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிய நாள். எனக்கு முழுதாக ஒரு மணித்தியாலம் இருந்திருக்கிறது. தகட்டை வைத்து, கம்பி விட்டு, அளந்து, தேத்தண்ணியும் குடித்து மூடியிருக்கலாம்.

புதன்கிழமை ஸ்னோ என்று வானிலை சொன்னது. என் கால் பூசணிக்காய்ச் சில்லின் அளவுக்கு வீங்கியிருந்தது. செவ்வாய் பின்னேரம் மனைவி வேலையால் வந்து, யூனிஃபோமும் மாற்றாமல் கராஜுக்குள் வந்தார். நான் கதிரையில் இருந்து, காலை வாளியில் தூக்கி வைத்துக்கொண்டு கைநூலை வாசித்தேன். அவர் மூடியைக் கழற்றினார். பிஸ்டன் தலையில் பிறைபோல ஒரு தழும்பு, வேறு சேதம் இல்லை. நாள் முழுக்கத் தொண்ணூறு கிலோக் கிழவர்களைக் கட்டிலில் புரட்டிப் போடுகிற கை. சிலிண்டரை என்னைப்போலப் பயந்து பயந்து தூக்கவில்லை. தகட்டை வைத்தார். ஈயக்கம்பி விட்டுச் சுற்றினார். அளந்தார்.

"ஒண்டு தசம் மூண்டு மில்லி. காணுமோ?"

கைநூலைப் பார்த்தேன். போதும்.

"எல்லாம் சேத்து ஒண்டரை மணித்தியாலம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு இரண்டு வருடம் பிடித்திருந்தது.

எஞ்சினைச் சட்டத்தில் ஏற்ற நண்பன் வந்து கை கொடுத்துவிட்டு இரவு வேலைக்கு ஓடினான். பெற்றோலில் எண்ணெய் கலந்து ஊற்றினோம். மிதிக்க எனக்குக் காலில்லை. மனைவி ஏறினார். மூன்றாவது மிதியில் அது பிடித்தது. கராஜ் முழுக்க நீலப் புகை. ஸ்ட்ரோக்கர் கிராங்கின் சத்தத்தை நான் கண்ணை மூடிக் கேட்டேன். முந்திய சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன். முதல் கியரில் வெளியே எடுத்து, புல்லில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, அவர் தன் காரை உள்ளே விட்டார். விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தார். இறங்க மனமில்லைப்போல.

இரவு ஸ்னோ விழுந்தது. காலை ஐந்து மணிக்குச் சுரண்டுகிற சத்தம் கேட்கவில்லை. கராஜ் கதவு திறந்து மூடிய சத்தம் மட்டும்.

சனிக்கிழமை நண்பன் வந்தான். யன்னலருகே தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று, ஸ்னோவுக்குள் குந்தியிருந்த தார்ப்பாய் மூட்டையைப் பார்த்தான். இழுவை எவ்வளவு கூடியிருக்கும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் குறுக்கே கேட்டான்.

"மச்சான், எஞ்சின் மேசையிலதானே கிடந்தது? கீழ நிண்டது வெறும் சட்டமெல்லோ. சில்லு மூண்டும் உருளும்தானே? ரெண்டு வருசத்துக்கு முதலே வெளியில தள்ளி விட்டிருக்கலாமே."

பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து மனைவி சொன்னார்.

"நான் அப்பவே கேட்டனான், அண்ணை. வெளியில விட்டால் உதுக்குக் குளிருமாம்."