துத்தநாகத்துக்கு ஒரு மன்னிப்பு

நகரத்து ஆற்றில் ஈயம், நிக்கல், துத்தநாகம் எல்லாம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கும் ஆய்வகத்தில், தண்ணீர் மாதிரி எடுத்து வருவது அவள் வேலை. பாலத்துப் படியில் இறங்கி, நீளக் கம்பின் நுனியில் குப்பியை மாட்டி, நடு ஓட்டத்தில் முக்கி எடுப்பாள். குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் திரும்புவாள். யாராவது இடித்தால், "மெதுவா! உள்ள ஆறு இருக்கு" என்பாள்.

அந்த வருடம் வெயில் மண்டையைப் பிளந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அக்கா ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தாள். இவள் அதைச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் முகத்தில் அப்பிக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டுச் சுவத்துக்கு அடிச்சதுல மிச்சமா?" என்றார் தையற்காரக் கணவர்.

"நீங்க ஊசியில நூல் கோக்கிற வேலையப் பாருங்க" என்று கிளம்பினாள்.

கொஞ்ச நாளில் ஆற்றில் துத்தநாகம் எகிறியது. பாலத்துக்கு அருகே ஒரு முலாம் பூசும் பட்டறை இருந்தது. நேராக அங்கே போய்ப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"துத்தநாகமா? எங்க பட்டறையில அது மருந்துக்குக்கூடக் கிடையாதும்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் முதலாளி.

"அப்புறம் ஆத்துல தானா மொளைச்சுதா?"

அடுத்த வாரம் மாதிரி எடுக்கக் கிளம்பும்போது வேதியியலாளர் கூப்பிட்டார். "கரையில தெறந்து மூடிட்டு வரச் சொல்லி ஒரு குப்பி சுத்தத் தண்ணி தர்றேன்ல? அதுலயும் துத்தநாகம் இருக்கும்மா. அதுல ஆத்துத் தண்ணி ஒரு சொட்டுகூடப் படல." அவர் பார்வை அவள் மூக்கில் நின்றது. "அது என்ன?"

களிம்புக் குழாயை நீட்டினாள். துத்தநாக ஆக்ஸைடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"கையுறை போடுவியா?"

"போடுவேன் சார். மூஞ்சி அரிச்சா கழட்டுவேன்."

அவமானத்தில் முகம் சுண்டிப்போனது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, முதலில் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பட்டறைக்குப் போனாள்.

முதலாளி வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்கம்மா. என்ன பூசணும்? கைப்பிடியா, குழாயா?"

"இல்லீங்க... அன்னிக்கு ஆய்வகத்துலேர்ந்து ஒருத்தி வந்து கத்தினாளே..."

"அந்த வெள்ளை மூஞ்சியா? வீண்பழிம்மா! துத்தநாகமாம். நாங்க ஆத்துல விடறது வெறும் நிக்கல் கழிவு."

"அது பரிசோதனையில மாட்டவே இல்லையா?"

"எப்படி மாட்டும்? அந்த வெள்ளை மூஞ்சி பாலத்துல வர்றப்பவே பளிச்சுனு தெரியும். உடனே வால்வ மூடிருவோம்."

அவள் குளிர்பெட்டியோடு பட்டறையின் பின்பக்கம் இறங்கினாள். குழாயிலிருந்து பச்சையாக ஊற்றிக்கொண்டிருந்தது. புதுக் கையுறை மாட்டிக்கொண்டு குப்பியை நீட்டினாள்.

மேலேயிருந்து ஒரு தொழிலாளி எட்டிப் பார்த்தார். "மீன் பிடிக்கிறீங்களா அக்கா?"

"ஆமா தம்பி. பெருசா ஒண்ணு."

நிக்கல் அளவைப் பார்த்து வேதியியலாளர் கருவி பழுதோ என்று மறுபடி அளந்தார். பழுதில்லை. கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டி கட்டும்வரை பட்டறையை மூட உத்தரவாயிற்று. அந்த உத்தரவை வாங்க ஆய்வகத்துக்கு வந்த முதலாளி, அவளைக் கண்டதும் திகைத்தார்.

"அடடே, நீங்களுமா மாட்டிக்கிட்டீங்க?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. துத்தநாகத்துக்கு என்னை மன்னிச்சிருங்க. நிக்கலுக்கு இங்க கையெழுத்துப் போடுங்க."