நிலநடுக்கக் குழியின் நான்காவது விதி

எங்கள் கடலைக்காட்டின் மேற்கு மூலையில் இடுப்பளவுக்குக் குழி தோண்டி, அதற்குள் குடம் போன்ற ஒரு கருவியை வைத்து மூடினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கடல் தாண்டி எங்கோ நிலம் நடுங்கினால், அந்த அதிர்வு பூமிக்குள்ளேயே பயணித்து எங்கள் காட்டுக்கும் வருமாம். கருவி அதைப் பதிந்துகொள்ளுமாம். வைத்தவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. நான் அக்கா என்று கூப்பிட்டேன்.

மிகப் பழங்காலத்தில் இரண்டு நிலப்பரப்புகள் மோதி ஒட்டிக்கொண்ட இடத்தின் மேல்தான் நாங்கள் கடலை விதைத்துக்கொண்டிருந்தோம். அங்கே பூமியின் மேலோடு எவ்வளவு தடிமன் என்று அக்கா கண்டுபிடிக்க வேண்டும்.

"மேலோட்டுக்கு அடியில வந்ததும் அதிர்வு ரெண்டாப் பிரியும். ஒண்ணு பைக்ல வரும், ஒண்ணு சைக்கிள்ல வரும். சைக்கிள் எவ்வளவு லேட்டா வருதுன்னு பார்த்தா, எவ்வளவு ஆழத்துல பிரிஞ்சுதுன்னு தெரிஞ்சிடும்" என்றார்.

எனக்கு அதைவிட அவர் சொன்ன விதிகள்தான் பிடித்தன. குழியருகே மாடு கட்டக் கூடாது. டிராக்டர் நிறுத்தக் கூடாது. மூடியைத் திறக்கக் கூடாது. வழியில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி ஒப்பித்தேன்.

வீட்டில் அந்த வருடம் வேறு பேச்சு. திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்த பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், ஏற்கெனவே எங்களுக்கு இரண்டு போர் போட்டிருந்தார். இரண்டிலும் புழுதிதான் வந்தது. மூன்றாவதையும் போட்டே தீருவேன் என்று நின்றார். அவர் கூலி வாங்க மாட்டார். ஆனால் டீசலுக்கும் பைப்புக்கும் எங்கள் இரண்டு எருமைகளையும் விற்றாக வேண்டும். அந்தப் பாலில்தான் வீடு நடந்தது. வேண்டாம் என்று அப்பாவால் சொல்ல முடியாது. பெண் கொடுத்த வீட்டார் பிரியத்தோடு செய்வதை மறுப்பது, அம்மா பிறந்த வீட்டையே ஒதுக்குவது போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். "மாப்ள, வெள்ளிக்கெழம வண்டி சும்மாதான் நிக்குது. எருமைய சந்தைக்கு ஓட்டிப்போடுங்க."

அப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டார். "அதில்லீங்க மச்சான். அந்த மிசினு இருக்கற வரைக்கும் போர் போடப்படாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு வருசம்."

"அந்தக்கா அப்படிச் சொல்லவே இல்லீங்களேப்பா" என்றேன். மூன்று விதிகளையும் விரல் மடக்கிச் சொல்லிக் காட்டினேன்.

மாமா என் தலையைத் தடவி வாய்விட்டுச் சிரித்தார். "சாமி வக்கீலுக்குப் படிக்கட்டும், மாப்ள!"

அப்பா என்னைத் திட்டவில்லை. உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது.

கருவிக்குப் பேட்டரி மாற்ற அக்கா மறுநாள் வருவதாக இருந்ததால் மாமா தங்கிவிட்டார். ஜீப் நின்றதும் முதல் ஆளாகப் போனார்.

"ஏனுங் அம்மிணி, இங்க போர் போடப்படாதுன்னு சொன்னீங்களாமா? நெசமுங்களா? கெழக்கால ஓரமா, ரெண்டே நாள் வேலைங்க."

அப்பா எருமையின் கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாகத் தரையைப் பார்த்து நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். எருமையைப் பார்த்தார்.

"ஐயோ, வேண்டாங்க. பதிவெல்லாம் வீணாயிடும். ஒரு வருஷம் மட்டும் பொறுத்துக்குங்க. ஐயாகிட்ட அப்பவே சொன்னேனே."

மாமாவின் முகம் மாறியது, மரியாதை கூடியிருந்தது. "அப்ப செரிங்க. ஆமா, எத்தன ஆழம் பாக்கறீங்க?"

"இங்கேருந்து சேலம் போற தூரம் அப்படியே கீழே போகணும்."

"அடேயப்பா! நம்ம வண்டி அதுக்கெல்லாம் போவாதுங்க" என்று சந்தோஷமாகவே புறப்பட்டார்.

இன்று நானும் அதே அதிர்வுகளைத்தான் படிக்கிறேன். தொலைதூர நிலநடுக்கத்தின் அலை நீளமானது, நிதானமானது. ரிக்கின் நடுக்கம் பொடிப்பொடியானது, வேகமானது. இரண்டையும் பிரித்தெடுப்பது இந்தத் துறையில் ஆரம்பப் பாடம். இரண்டு நாள் போர் போடுவதால் ஒரு வருடப் பதிவு வீணாகிவிடாது.

அன்று எனக்கு அக்கா மேல் கொஞ்சம் கோபம். விதியை முதலிலேயே முழுமையாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? ஆனாலும் நான்காவதாக அதைச் சேர்த்துக்கொண்டு, மாமா போனதும் நான்கையும் அப்பாவிடம் உரக்க ஒப்பித்தேன். அவர் திரும்பவே இல்லை. எருமையின் கழுத்தை வெகுநேரம் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உண்ணி கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.